வெட்டாமல் வந்த ஒரு பாடம்

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். கும்மிடிப்பூண்டியில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் டிரஸ்ட் அலுவலகம். பார்வை இல்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் சின்ன டிரஸ்ட். ஒரு திங்கட்கிழமை காலை நனைந்த குடையை வராந்தாவில் விரித்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். எங்கள் ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. திரையின் நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். பணம் கட்டினால்தான் திறந்துவிடுவேன் என்று எவனோ ஒருவன், எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டோ எழுதியிருந்தான்.

மற்றவர்கள் டிரஸ்டின் வேலை போச்சே என்று பதறினார்கள். எனக்கு என் வீட்டுக்காரரின் குரல் போச்சே என்று பதறியது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவர் சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்தார். எங்கள் மகன் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியைதான் ஓய்வு பெற்ற பிறகு இந்த டிரஸ்டைத் தொடங்கியவர். நாங்கள் எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவோம். ஒரு ஆண்டு விழாவில், வெள்ளை ஸ்கூட்டி ஒன்று வழியை மறித்து நிற்கிறது, உரியவர் வந்து எடுக்கவும் என்று இவர் மைக்கில் அறிவித்தார். அந்தக் குரலை டீச்சர் ஞாபகம் வைத்திருந்து, பல வருடம் கழித்து ஆள் விட்டுக் கூப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எனக்குப் பேஜாரு ஆரம்பம்.

லீவு நாளில் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வார். ஃபேனை நிறுத்துவார். பீரோவை அகலமாகத் திறந்து வைத்து, என் புடவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, போனில் பதிவு போட்டுப் பாடம் படிப்பார். துணி இருந்தால் எதிரொலி வராதாம். கட்டின மனைவி அடுப்படியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்க, மனுஷன் என் புடவைகளுக்குப் புவியியல் பாடம் நடத்துவார்.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. படிக்கும்போது தப்பு வந்தால் பதிவை நிறுத்தக் கூடாது. ஒரு தடவை கை தட்டிவிட்டு அந்த வரியை மறுபடி படிக்க வேண்டும். எடிட் செய்யும் பெண்ணுக்கு அந்தத் தட்டல் கம்ப்யூட்டரில் முள் போல எழும்பித் தெரியும். அந்த இடத்தைப் பார்த்து வெட்டி ஒட்டிவிடுவாள். ஆகவே அறைக்குள்ளிருந்து கை தட்டல் கேட்டால் ஐயா தடுக்கி விழுந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும். வெளியிலிருந்து நான் ஒரு சத்தம் கொடுத்தாலும் ஒரு தட்டல் விழும். குக்கர் விசில் அடித்தாலும் விழும். சில நாள் வேண்டுமென்றே கரண்டியைக் கீழே போட்டிருக்கிறேன்.

ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டே நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போட்டோ நிறைய இருக்கிறது. குரல்தான் இல்லை. படித்த பாடங்களையும் எடிட் முடிந்ததும் போனிலிருந்து அழித்துவிடுவார். கல்யாண வீடியோவில் ஆரம்பம் முதல் கடைசி வரை தலையை மட்டும் ஆட்டுகிறார். போன் செய்தாலும் "ம், வரேன்" என்பதோடு வைத்துவிடுகிற ஆள். மகன் பெங்களூருக்குத் திரும்பிப் போன பிறகு வீட்டில் ஒரு சத்தம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் என் விரல் படும் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும். அதற்காகவே டிவியைப் போட்டேன். டிவி ஆட்கள் என்னைப் பார்த்துப் பேசவில்லையே.

டீச்சர்தான் என்னை டிரஸ்டுக்கு வேலைக்குக் கூப்பிட்டார். போன் எடுப்பது, மாணவர்கள் விவரத்தைப் பதிவது என்று வேலை. அங்கே போனதும் முதலில் என் வீட்டுக்காரர் படித்த பாடங்களைப் போட்டுக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. சுத்தமான தமிழில், ஒரு பிசிறு இல்லாமல், வந்த விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசினார். என்னிடம் அவர் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை.

வெட்டுவதற்கு முந்தைய பதிவுகள் ஒரு தனி ஃபோல்டரில் இருந்தன. எடிட் செய்யும் பெண் அதற்கு 'வேஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தாள். அதைத் திறந்த அன்று சாப்பாட்டு நேரம் முடிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. தப்பு செய்துவிட்டு "சே" என்கிறார். தொண்டையைக் கனைக்கிறார். நான் வெளியிலிருந்து கத்துகிறேன், "தோ வர்றேம்மே" என்கிறார். அதுதான் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போன் மாட்டி, 'வேஸ்ட்' கேட்டபடிதான் சாப்பிட்டேன். அந்த ஒரு வேளைதான் எனக்குச் சோறு இறங்கும்.

வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுதான் வேடிக்கை. எங்களுக்கு உதவி செய்த ஒரு கம்பெனி, சைபர் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் தொடர்ந்து உதவுவோம் என்று சொல்லியிருந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் கேள்விப்பட்டிருக்கிறேன், கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பாடத்துக்குமா என்று நான் சிரித்தேன். பாலிசி எடுக்கும்போது எங்களுக்கு ஒரு நாள் வகுப்பும் எடுத்தார்கள். பாஸ்வேர்டை ஊர் முழுக்கச் சொல்லாதே, தெரியாத மெயிலைத் திறக்காதே, அலுவலகத் தகவலை வெளியே கொண்டு போகாதே என்று. மற்றவர்கள் கேட்டுவிட்டு மறந்தார்கள். நான் பிடித்துக்கொண்டேன். 'பென் டிரைவ் கொண்டு வரக் கூடாது' என்று அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டியது நான்தான். எடிட் செய்யும் பெண்ணின் கைப்பையையே ஒரு தடவை சோதித்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் என் ஆசைக்கு மட்டும் எப்படி விதியை மீறுவது? எங்கே போய்விடப் போகிறது, இங்கேதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் போன் செய்தார். இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள், எதையும் அழிக்காதீர்கள், திருடனுக்குப் பதில் எழுதாதீர்கள் என்றார்கள். மறுநாளே அவர்கள் அனுப்பிய நிபுணர் ஒருவர் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். நிதானமான ஆள். நன்கொடை ரசீது கேட்பது போல வந்த ஒரு மெயிலைத் திறந்ததில்தான் திருடன் உள்ளே வந்திருக்கிறான் என்று கண்டுபிடித்தார். திறந்தது யார் என்று நீங்கள் கேட்காதீர்கள், அவரும் பாவம்.

நாங்கள் கிளவுடில் வைத்தால் எல்லாம் பத்திரம் என்று நினைத்திருந்தோம். ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் மாறுவதெல்லாம் கிளவுடிலும் தானாக மாறும்படி போட்டிருந்ததால், பூட்டு அங்கேயும் விழுந்திருந்தது. நல்ல வேளையாக, கிளவுடில் ஒவ்வொரு ஃபைலின் பழைய நகலும் கொஞ்ச நாள் வரை இருக்குமாம். நிபுணர் பொறுமையாக உட்கார்ந்து எடிட் செய்த பாடங்களை எல்லாம் மீட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மெதுவாகப் போய், 'வேஸ்ட்' ஃபோல்டர் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

அது கிளவுடில் இல்லை. இடம் போதவில்லை என்று கொஞ்ச நாள் முன்புதான் அதை ஒரு ஹார்ட் டிஸ்குக்கு மாற்றியிருந்தோம். வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அந்த வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வயர் சொருகும் இடம் மேஜைக்குப் பின்னால். ஒவ்வொரு தடவையும் மேஜையை இழுக்கச் சோம்பல்பட்டு எப்போதும் மாட்டியே வைத்திருந்தோம். திருடன் அதையும் பூட்டிவிட்டான். வேறு நகல் எங்கேயும் கிடையாது.

"அதுல என்ன மேடம் இருந்துச்சு? க்ளெயிம்ல எழுதணும்" என்று நிபுணர் டீச்சரிடம் கேட்டார்.

"எடிட் பண்ணது போக மிச்சம்தான் சார். வேஸ்ட்" என்றார் டீச்சர். அவருக்கு என்ன தெரியும், நான் யாரிடமும் சொன்னதில்லையே. 'மதிப்பு இல்லை' என்று நிபுணர் எழுதிக்கொண்டார்.

நான் வராந்தாவுக்குப் போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மனுஷன் இரண்டாம் தடவையும் போக முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னாலேயே வந்த டீச்சரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் போய் நிபுணரிடம் மன்றாடினார். அவரும் இன்னும் ஒரு நாள் இருந்து பார்த்தார். முடியவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். மாணவர்களின் போன் எண், மாற்றுத்திறனாளி சான்றிதழ், பேங்க் விவரம் எல்லாம் திருடன் கைக்குப் போயிருக்கலாம், ஆகவே ஒவ்வொருவருக்கும் நாங்களே சொல்லியாக வேண்டும் என்றார். பார்வை இல்லாதவர்களுக்குக் கடிதம் போட்டு என்ன பயன்? போனில் கூப்பிட்டுச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. என்ன பேச வேண்டும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள்.

பேசிப் பாருங்கள், தெரியும். வணக்கம், உங்கள் தகவல் திருடு போயிருக்கலாம், யாராவது ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள் என்று நான் சொன்னால், அந்தத் திருடியே நான்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொன்னேரிக்காரர் ஒருவர் என் குலத்தையே இழுத்துத் திட்டினார். நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை விட்டேன். அது எழுதிக் கொடுத்ததில் இல்லை.

அப்படிக் கூப்பிட்டதில் ஒருத்தி திருவாலங்காட்டுக்காரி. முப்பது வயது இருக்கும். எங்கள் பாடங்களைக் கேட்டுப் பரீட்சை எழுதி, திருவள்ளூரில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்தவள். நான் பாதி சொல்வதற்குள்ளேயே, "நீங்க டிரஸ்டுலேருந்துதான் பேசறீங்கன்னு நான் எப்டி நம்பறது? போன வாரம் ஒருத்தன் பேங்க்லேருந்து பேசறேன்னு உயிர எடுத்தான்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷினைப் போட்டார்கள். எனக்கு ஏற்கெனவே ஆத்திரம். திரும்பி எடிட் செய்யும் பெண்ணைப் பார்த்து, "ஏம்மா, அந்தக் கதவ சாத்து! ஒரு எழவும் கேக்கல!" என்று கத்தினேன்.

திருவாலங்காட்டுக்காரி போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"இன்னொரு தபா கத்துங்க" என்றாள்.

"இன்னாது?"

"இப்ப கத்தினீங்களே, அதே மாதிரி." அவள் குரல் மாறியிருந்தது. "அக்கா, நீங்க குக்கர் அக்காதானே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் படபடவென்று சொன்னாள். பரீட்சை நெருங்கிவிட்ட சமயம் அவளுக்கு ஒரு பாடம் மட்டும் எடிட் ஆகாமல் நின்றுவிட்டதாம். பொங்கல் லீவில் டிரஸ்ட் பூட்டிக் கிடக்க, பாடத்தைப் படித்த என் வீட்டுக்காரரின் எண்ணை எப்படியோ பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். அவர் வெட்டாத பதிவை அப்படியே போனில் அனுப்பிவிட்டாராம். "கை தட்ற சத்தம்லாம் வரும்மா, ஊட்ல குக்கர் சத்தமும் வரும், கண்டுக்காம படி" என்றாராம்.

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

"அது இன்னும் உன்கிட்ட கீதா, அழிக்கலையா?" என்று கேட்டேன்.

"கீதுக்கா. அத எப்டி அழிப்பேன்?"

போனை வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கவில்லை என்று ஞாபகம் வந்தது. திரும்பக் கூப்பிட்டு, ஓடிபி யாருக்கும் சொல்லாதே, யார் விவரமும் கண்ட இடத்தில் இருக்கக் கூடாது என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பினேன். முதல் தடவையாக ஒரு பென் டிரைவ் வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் திருவள்ளூர் போய், அங்கிருந்து அரக்கோணம் ரயில். கடம்பத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல்களில் தண்ணீர் நின்றது. அவருக்கு ஜன்னல் ஓரம் பிடிக்கும். எதிர் சீட்டு காலியாகத்தான் இருந்தது, அதில் யாரும் வந்து உட்காரக் கூடாதே என்று நினைத்துக்கொண்டே போனேன்.

திருவாலங்காடு ஸ்டேஷனுக்கு அவளே கோலைத் தட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் இறங்கி இருமினேன், நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு பக்கத்தில்தான். என் வீட்டுக்காரர் இறந்தது டிரஸ்ட் மூலம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவள் அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தொட்டதையெல்லாம் படித்துச் சொல்லும் அவளுடைய போன் அவளிடம் கடகடவென்று ஏதோ பேசியது. அவள் விரல் ஒரு இடத்தில் நின்றது.

வடகிழக்குப் பருவமழை பற்றிய பாடம். அவர் படிக்கிறார். "வங்காள விரிகுடாவில்" என்று சொல்ல வந்து நாக்கு புரள, "சே" என்கிறார். கை தட்டுகிறார். மறுபடி படிக்கிறார். குக்கர் விசில். கை தட்டல். "இன்னாங்க, கொழம்பு ஆறுது!" என்று என் குரல். "தோ வர்றேம்மே, ஒரே பக்கம்" என்கிறார். கை தட்டல். "அந்தக் கதவ தொறங்க! நீங்க பாட்டுக்கு சாத்திக்கினா நான் யார்கிட்ட பேசறது?" என்று மறுபடி நான். அதற்கும் ஒரு தட்டல். கடைசியில் பாடம் முடிந்தது என்கிறார்.

பதிவு முடியவில்லை. நிறுத்த மறந்துவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார். பலகை இழுக்கும் சத்தம். தட்டு. தண்ணீர் ஊற்றும் சத்தம்.

"உப்பு கம்மி."

"போட்டுக்கோங்க."

அப்புறம் சாப்பிடும் சத்தம்தான். ரொம்ப நேரத்துக்கு ஒன்றும் பேசவில்லை. நாங்கள் அப்படித்தான், பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டோம்.

"நாளைக்கு இன்னா நாஷ்டா?"

"சாப்டுக்கினே அடுத்த வேளைக்கு கேக்கற ஆள இங்கதான் பாக்கறேன்."

அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். மூக்கால் ஒரு சத்தம், பிறகுதான் சிரிப்பு வரும். ரசம் ஊற்றுகிறேன். போதும் போதும் என்கிறார். மறுபடி வெறும் தட்டுச் சத்தம். பிறகு, "அடடா, இது ஓடிக்கினே கீதுமே!" என்கிறார். அதோடு நின்றுவிட்டது.

நான் அழுதேன். வாய்விட்டே அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் அடங்கியதும் அவளாகவே பேசினாள்.

"பரீட்சைக்குப் படிக்கும்போது மெட்ராஸ்ல ஹாஸ்டல்ல இருந்தேன்க்கா. மெஸ்ல யாரும் என் பக்கத்துல உக்கார மாட்டாங்க. ரூமுக்குத் தட்ட எடுத்துக்கினு வந்து இத போட்டுப்பேன். நீங்க ரெண்டு பேரும் சாப்டுவீங்க, நானும் சாப்டுவேன். அண்ணன் உப்பு கம்மின்னு சொன்னா நானும் கொஞ்சம் போட்டுப்பேன். பாடம் எப்பவோ மனப்பாடம் ஆயிடுச்சி. இதுக்காகத்தான் வச்சிருந்தேன்."

நான் டிபன் பாக்ஸோடு 'வேஸ்ட்' கேட்டுக்கொண்டு இருந்ததற்கு வெகு முன்பே, முகம் தெரியாத இவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவள் கையை விடாமல் பிடித்திருந்தேன்.

பென் டிரைவை எடுத்து நீட்டினேன். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது என்று சிரித்து, போனிலிருந்தே எனக்கு அனுப்பினாள். வந்து சேர்ந்ததும், "இது உங்க ஊட்டு சமாச்சாரம்க்கா. அடுத்தவங்க விஷயம் கண்ட எடத்துல இருக்கக் கூடாதுன்னு போன்ல நீங்கதானே சொன்னீங்க. அழிச்சிடட்டா?" என்று கேட்டாள். அவள் விரல் போன் மேல் தயாராக இருந்தது. முகத்தைப் பார்த்தால், நான் ஆமாம் என்று சொல்லிவிடப் போகிறேனே என்று பயந்துகொண்டு கேட்கிறாள் என்பது தெரிந்தது.

"அழிச்சே, உதைப்பேன்" என்றேன். "உன்கிட்டயும் இருக்கட்டும்."

டிரஸ்டில் இப்போது மேஜையைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டுவிட்டோம். வேலை முடிந்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி டீச்சர் தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இன்சூரன்ஸை நேரத்துக்குப் புதுப்பிக்கச் சொல்லி நச்சரிப்பது நான்தான். 'வேஸ்ட்' என்ற பெயரை மாற்றி 'வெட்டாதது' என்று வைத்திருக்கிறோம். பாடம் படிக்க வருகிறவர்களிடம், ஒரு நகலை உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதில்லை.

அவருடைய மற்ற பதிவுகள் போனது போனதுதான். கிடைத்தது அந்த ஒரு பாடம். அதையும் தினமும் போடுவதில்லை, தேய்ந்துவிடுமோ என்று ஒரு பயம், தேயாது என்று தெரிந்தும். போடுகிற நாளில் எனக்குத் தட்டு வைத்து, எதிரில் பலகையைப் போட்டு, கொழம்பில் உப்பை ஒரு சிட்டிகை குறைத்தே போடுகிறேன். அவர் சொல்லும் வரை காத்திருந்து போட்டுக்கொள்ளும்போது, திருவாலங்காட்டிலும் ஒருத்தி இந்நேரம் தன் தட்டில் உப்பு போட்டுக்கொள்கிறாளோ என்னவோ என்று நினைப்பு வரும், அந்த நினைப்பில்தான் இன்றும் எனக்குச் சோறு இறங்குகிறது.